நாலு வளையலும் ஒரே கையில்

ஒரு பெண்ணின் கையைப் பிடித்த ஆண்பிள்ளை அடுத்து என்ன செய்வான் என்பதில் பார்த்திபனுக்குச் சந்தேகமே கிடையாது. மோதிரம் போடுவான், முத்தம் கொடுப்பான், ரேகை பார்க்கிறேன் என்று புருடா விடுவான். அந்தக் கையைத் தூக்கித் தன் காதில் வைத்துக்கொள்வான் என்று மட்டும் அவன் நினைத்ததில்லை.

போன வியாழக்கிழமை அவன் எடுத்த போட்டோவில் அதுதான் இருந்தது. மாமல்லபுரம் கடற்கரை, கரையில் இழுத்துப் போட்ட ஒரு பைபர் படகு, அதன் நிழலில் ஸ்வாதி என்கிற பெண். பக்கத்தில் கேமராவுக்கு முதுகைக் காட்டி ஒருவன். அவளுடைய இடது கை அவன் காதோடு ஒட்டியிருந்தது.

“போன் பேசுறான்க்கா,” என்றான் பார்த்திபன். “டவர் கிடைக்கல போல கீது. அதான் பொண்ணு கைய வாங்கி ட்ரை பண்றான்.”

துர்காதேவி சிரிக்கவில்லை. செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவள் பார்த்திபனைத் துணைக்கு வைத்து நடத்தும் விசாரணை நிலையத்துக்கு வருவதில் முக்கால்வாசி கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பாரா, சொன்ன சம்பளம் நிஜமா, பெண்ணுக்கு ஏற்கெனவே யாராவது உண்டா. முன்பெல்லாம் ஜாதகம் பொருந்தினால் பத்திரிகை அடிக்கப் போவார்கள். இப்போது ஜாதகம் பொருந்திய கையோடு துர்காவின் மாடிப்படி ஏறுகிறார்கள்.

இந்த முறை ஏறி வந்தவள் அம்சா. பொன்விளைந்தகளத்தூர் பக்கம் பயிர் வைத்திருந்த குடும்பம், இப்போது ஐ.டி. கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறது. ஒரே மகன் கலையரசனுக்கு அணுபுரம் குடியிருப்பில் பெண் பார்த்து நிச்சயமும் முடிந்துவிட்டது. அந்தப் பெண்தான் ஸ்வாதி. பள்ளிக்கூட டீச்சர். வியாழக்கிழமையானால் அவள் எவனோடோ கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரோ பார்த்துச் சொன்னார்களாம். அவன் யார் என்று மட்டும் கண்டுபிடித்துக் கொடு என்று கேட்டுவிட்டு, நிச்சயதார்த்தப் போட்டோ ஒன்றையும் மகனின் போட்டோ ஒன்றையும் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பேசியபோது துர்காவின் முகத்தை அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இந்த மாதிரி வேலைக்கு வருகிற யாரும் பார்ப்பதில்லை என்பதால் துர்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“ஆளோட மூஞ்சி எங்கடா?” என்று கேட்டாள்.

“முதுகுக்கெல்லாம் ஆதார் கார்டு குடுக்கறதில்லக்கா. நான் படகைச் சுத்திகினு அந்தாண்ட போறதுக்குள்ள ஹெல்மெட்ட மாட்டிகினு கிளம்பிட்டான்.”

இன்னொரு சமாச்சாரமும் வைத்திருந்தான். பெண்ணின் அம்மா பிரபாவதியின் பின்னாலேயே திருக்கழுக்குன்றத்தில் ஒரு வளையல் கடை வரை போயிருக்கிறான். கல்யாணப் பெண்ணுக்குப் பச்சை வளையல் வாங்குவது வழக்கம்தான். ஆனால் அந்த அம்மா இரண்டு நாலு அளவில் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிவிட்டு, அதே பச்சையில் இரண்டு எட்டு அளவில் ஒரு டஜன் பிளாஸ்டிக் வளையல் கேட்டாளாம். இரண்டாவது யாருக்கு என்று கடைக்காரி கேட்டதற்குச் சொந்தக்காரப் பெண்ணுக்கு என்று சொல்லிவிட்டுச் சட்டென்று பையில் போட்டுக்கொண்டாளாம்.

பார்த்திபன் இதற்குள் ஒரு கதையே கட்டிவிட்டான். மொத்தம் இரண்டு பெண்கள். ஒருத்தி ஒல்லி, ஒருத்தி குண்டு. கடற்கரை ஆசாமி குண்டுப் பெண்ணின் அண்ணன். இவளைக் கட்டிக்கொண்டு, தங்கையை வேறு யார் தலையிலோ கட்டப் போகிறான். கேட்டுக்கொண்டே துர்கா அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

ஈ.சி.ஆரில் ஸ்கூட்டி ஓட்டுகிற பெண்கள் எல்லோரும் வெயிலுக்கு முழங்கை வரை கையுறை போட்டு, துப்பட்டாவால் முகத்தையும் சுற்றிக்கொள்வார்கள். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஸ்வாதியும் போட்டிருந்தாள். ஆனால் நிழலில் உட்கார்ந்த பிறகும் வலது கையுறை அப்படியே இருந்தது. கழற்றியிருந்தது இடது கையில் மட்டும்.

“புழுக்கத்துக்குக் கழட்டுறவ ரெண்டையும் கழட்டுவா,” என்றாள் துர்கா. “இவ அவன்கிட்ட குடுக்கறதுக்காகக் கழட்டியிருக்கா. வண்டியை எடு.”

“எங்கக்கா?”

“இன்னிக்கு வியாழக்கிழமை.”

திருக்கழுக்குன்றத்தைத் தாண்டினார்கள். பிறகு, பின் சீட்டில் இருந்தபடியே தன் அண்ணன் சம்பத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். சம்பத்துக்கு இரண்டு கிட்னியும் போய், டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்காக டாக்டர்கள் அவன் மணிக்கட்டில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். சாதாரணமாக இதயத்திலிருந்து தமனி வழியாகப் பாய்ந்து வரும் ரத்தம் நூல் நூலான குழாய்களில் பிரிந்து, வேகம் தணிந்து, அப்புறம்தான் சிரைக்குள் போகும். நடுவில் அந்த நூல்குழாய்கள் இல்லாமல் இரண்டும் நேராகச் சேர்ந்துவிட்டால் ரத்தம் வந்த வேகத்திலேயே சிரைக்குள் இறங்கும். தொட்டால் விரலுக்கு அடியில் அதிரும். காதை வைத்தால் இரைச்சல் கேட்கும். அண்ணி தினமும் காலையில் சம்பத்தின் கையில் காதை வைத்துக் கேட்பாள். இரைச்சல் இருந்தால் இணைப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம், அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் காபி இறங்கும்.

“சில பேருக்குப் பொறக்கும்போதே அந்த மாதிரி சேர்ந்திருக்கும்டா. யாரும் தைக்க வேணாம். வளர வளர கை பெருத்துக்கினே போவும். ரெண்டு நாலு வலது கைக்கு, ரெண்டு எட்டு இடது கைக்கு. கண்ணாடி உடைஞ்சு அந்தக் கையில கீறிச்சுன்னா ரத்தம் லேசுல நிக்காது. அதான் பிளாஸ்டிக்.”

பார்த்திபனின் ஒல்லிப் பெண்ணும் குண்டுப் பெண்ணும் ஒருத்தியாகிப் போனார்கள். அவன் கொஞ்ச தூரம் சும்மா ஓட்டினான். டவர் கிடைக்காத ஜோக்கை நினைத்திருக்க வேண்டும்.

“இதை அந்தம்மாகிட்ட சொல்லணுமாக்கா?”

“அவ கேட்டது ஆளை. கையை இல்ல.”

சொல்லிவிட்டாளே தவிர, துர்காவுக்கே அதில் அத்தனை உறுதி இல்லை. வாய்விட்டு ஒரு வார்த்தை வந்தால் போதும், பெண்ணுக்குக் கை கோளாறு என்று களத்தூர் முழுக்கப் பரவிவிடும், கல்யாணம் நின்றுவிடும். நிற்பதோடும் போகாது. அடுத்து பெண் கேட்டு வருகிறவனுக்கும் அதுதான் முதலில் காதில் விழும்.

மாமல்லபுரத்தில் சிற்பக் கூடங்களின் கிரைண்டர் சத்தத்தைத் தாண்டி மணலில் இறங்கினார்கள். அதே படகு, அதே நிழல். துர்கா தூரத்திலேயே நின்றுகொண்டாள். பார்த்திபன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, கடலைப் படம் எடுக்க வந்தவன் மாதிரி படகைச் சுற்றிப் போனான். போன வேகத்தில் திரும்பினான்.

“அக்கா, கேஸு ஊத்திக்கிச்சு. அவன் எவனோ இல்ல. மாப்பிள்ளையேதான் கீறான்.”

தனக்கு நிச்சயம் பண்ணின பெண்ணைத் தானே திருட்டுத்தனமாகச் சந்திக்கிற மாப்பிள்ளையை துர்கா தன் சர்வீஸில் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தது. ஆனால் அது உதட்டுக்கு வருவதற்குள், கலையரசன் எழுந்து இவர்களைப் பார்த்து நடந்து வந்தான். பார்த்திபன் கையிலிருந்த போனை அவன் பார்த்துவிட்டிருந்தான்.

யார் நீங்கள், எதற்குப் படம் எடுக்கிறீர்கள் என்று அவன் கேட்ட கேள்விக்கு துர்கா பொய் சொல்லவில்லை. கல்யாண விசாரணை என்றாள். கேட்டதும் அவன் குரல் உயரவில்லை, தாழ்ந்தது.

“யார் அனுப்பிச்சாங்க? எங்க சித்தப்பா ராஜாராமா?”

கட்சிக்காரர் பெயரைச் சொல்வதில்லை என்பது துர்காவின் தொழில் சட்டம். வாயை மூடிக்கொண்டாள். அந்த மௌனம் எங்கேயோ இருக்கிற ராஜாராமின் தலையில் போய் உட்கார்ந்தது. உட்காரட்டும் என்று விட்டாள். அப்படி விட்டது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அதற்குள் ஸ்வாதியும் வந்துவிட்டாள். ஆட்களைக் கண்டதும் அவசரமாக மாட்டிய இடது கையுறை பாதியில் சுருண்டு நின்றது. அவள் அதை மேலே இழுக்கவில்லை. ஒவ்வொரு விரலாகக் கழற்ற ஆரம்பித்தாள்.

“இதைப் பாக்கத்தானே வந்தீங்க. நல்லா பாத்துக்குங்க.”

அந்தக் கை பெரிதாக இருந்தது. விரல்கள் தடித்து, புறங்கையிலிருந்து முழங்கை வரை நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்திருந்தன. தோல் கருஞ்சிவப்பு. மணிக்கட்டு துடித்துக்கொண்டே இருப்பது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

“போட்டுக்கோம்மா,” என்றாள் துர்கா.

“பரவாயில்லங்க. டாக்டர்ங்க பாத்திருக்காங்க. மெடிக்கல் காலேஜ் பசங்க வரிசையில நின்னு ஒவ்வொருத்தரா தொட்டுப் பாத்திருக்காங்க. அவங்களாவது கேட்டுட்டுத் தொட்டாங்க.”

துர்கா தலை குனிந்தாள். எத்தனையோ பேர் அவளைத் திட்டியிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் அப்பா செருப்பைக்கூடக் கழற்றியிருக்கிறார். அப்போதெல்லாம் வராத கூச்சம் இப்போது வந்தது. பார்த்திபன் யாரும் சொல்லாமலே போனைத் திருப்பி ஸ்வாதிக்குக் காட்டி, எடுத்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தான். ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

கலையரசன்தான் மீதியைச் சொன்னான். நிச்சயம் முடிந்த சில நாளில் ஸ்வாதியே போன் பண்ணி, கையில் இப்படி இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், நான் யார் மேலும் குறை சொல்ல மாட்டேன் என்றிருக்கிறாள். இவன் வேனை டிரைவரிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்திருக்கிறான். இப்போதைக்கு உயிருக்கு ஆபத்தில்லை, அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வருஷா வருஷம் காட்ட வேண்டும் என்று அவளுடைய டாக்டரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டானாம். முதல் தடவை காதில் வைத்தபோது, கடல் சத்தத்தையும் மீறிக் கேட்டது என்று சொல்லும்போது அவன் முகத்தில் வெட்கம் வந்தது. அது வேறு மாதிரி வெட்கம்.

“எங்கம்மாவுக்கு இது தெரியாது மேடம். தாலி கட்ற வரைக்கும் தெரிய வேணாம். தெரிஞ்சா நிறுத்திடும்.”

ஸ்வாதி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் குரலில் முதல் தடவையாகக் கோபம் இருந்தது.

“அத்தையை அப்படிச் சொல்லாதீங்க. யார் அனுப்பியிருந்தாலும் அத்தை அனுப்பியிருக்க மாட்டாங்க.”

திரும்பி வரும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். கேஸ் முடிந்தது, நல்லபடியாக முடிந்தது, ஆள் உங்கள் மகன்தான் என்று சொல்லிவிட்டால் அம்மாவுக்குச் சந்தோஷம், கையைப் பற்றி மூச்சு விட வேண்டியதில்லை என்று பார்த்திபன் கணக்குப் போட்டான். துர்கா டீயைத் தொடவில்லை.

“மாமியாரை நினைச்சு யாரு பயப்படணும் பார்த்தி? பையனா, பொண்ணா?”

“பொண்ணுதான்.”

“பையன் நடுங்குறான். பொண்ணு பயப்படவே இல்ல. நிச்சயத்து போட்டோவை எடு.”

அவன் எடுத்துக் கொடுத்தான். டீயில் ஆடை படர்கிற வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செங்கல்பட்டுக்குப் போக வேண்டாம், நேராகக் களத்தூருக்கு விடு என்றாள்.

அம்சாவின் வீட்டு வாசலில் இரண்டு வேன்கள் நின்றிருந்தன. அவள் கூடத்தில் தனியாகக் கல்யாணப் பாக்குக் கவர் போட்டுக்கொண்டிருந்தாள். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

“யாரு அவன்?”

“உங்க பையன்.”

வேறொரு தாயாக இருந்தால் இந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள், இல்லை மகனைச் செல்லமாகத் திட்டியிருப்பாள். அம்சாவின் முகம் செத்துப் போனது. நல்லா பார்த்தீர்களா, வேறு யாரும் இல்லையா, அதற்கு முன்னாடி யாராவது, என்று கேட்டுக்கொண்டே போனாள். இல்லை, இல்லை, இல்லை என்று பார்த்திபன் சொல்லச் சொல்ல அவள் கையிலிருந்த கவர் கசங்கியது.

துர்கா நிச்சயதார்த்தப் போட்டோவை அவள் முன்னால் வைத்தாள்.

“இந்த வளையல் நீங்கதானே போட்டீங்க?”

“ஆமா. மாமியார்தானே போடணும். அது வழக்கம்.”

“நாலு வளையல். கைக்கு ரெண்டு. நீங்க நாலையும் வலது கையிலயே போட்டிருக்கீங்க.”

துர்கா படத்தில் இன்னொரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். ஸ்வாதி கட்டியிருந்தது மாம்பழ நிறப் பட்டு. அவள் இடது கை முழங்கை வரை முந்தானையால் மூடியிருந்தது. ஆனால் அந்த முந்தானை அரக்கு நிறம். பக்கத்தில் நிற்கும் அம்சாவின் புடவை அது.

பார்த்திபன் வாயைத் திறந்தான். துர்கா அவனைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

“உங்களுக்கு அன்னிக்கே தெரியும்மா. அப்புறம் எதுக்கு எங்களை அனுப்பினீங்க?”

ரொம்ப நேரம் அம்சா பாக்குக் கவர்களையே அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“எடது கையில மொத வளையலே முட்டி தாண்டல. அழுத்தினேன். என் கட்டைவெரலுக்கு அடியில கொய்யுன்னு இன்னாமோ ஓடிச்சு. அதுக்கு வலிச்சிருக்கும், மூச்சு விடல. சுத்தி அத்தினி பேரு. நான்தான் முந்தானைய இழுத்து மூடினேன். ‘தேங்க்ஸ் அத்தை’ன்னு காதுல சொல்லிச்சு.”

“நல்லதுதானே செஞ்சீங்க.”

“செஞ்சேன். வூட்டுக்கு வந்தப்புறம் பயம் புடிச்சுக்கிச்சு. ஒரே புள்ள. நாளைக்கு அது கைக்கு இன்னா ஆவுமோ, பொறக்கற கொழந்தைக்கு இன்னா ஆவுமோ. கை இப்படி கீதுன்னு சொல்லி நிறுத்தினா ஊரு என்னைக் காறித் துப்பும், எம்புள்ள என் மூஞ்சில முழிக்க மாட்டான். பீச்சுல எவனோ ஒருத்தன்னு சொன்னாங்க. அப்படி ஒருத்தன் இருந்துட்டா...”

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. அப்படி ஒருவன் இருந்துவிட்டால் பழி முழுக்கப் பெண்ணின் தலையில் விழும். இவள் நல்லவளாகவே தப்பித்துவிடலாம்.

துர்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கேட்பதற்கு நாக்கு நுனியில் நாலு வார்த்தை இருந்தது. ஆனால் இந்த அம்மா பழி தேடினாள் என்றால், அதைத் தேடிக் கொடுக்கப் படியிறங்கிப் போனது யார்? வேறு யாராவது நிஜமாகவே அந்தப் படகு நிழலில் உட்கார்ந்திருந்தால், முகம் தெரிகிற மாதிரி நல்ல படமாக எடுத்து இதே கூடத்தில் கொண்டுவந்து வைத்திருப்பாளே. கேட்க நினைத்த நாலு வார்த்தையும் தனக்கே பொருந்தியதால் கேட்காமல் விட்டாள்.

“பையனுக்கு அந்தக் கையைப் பத்தி எல்லாம் தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சா நிறுத்திடுவீங்கன்னு பயந்துகினு கீறாரு. யார் அனுப்பினதுன்னு கேட்டாரு. நான் சொல்லல.”

அம்சா மெல்லத் தலையாட்டினாள்.

“அந்தப் பொண்ணு ஒண்ணு சொல்லிச்சும்மா. யார் அனுப்பியிருந்தாலும் அத்தை அனுப்பியிருக்க மாட்டாங்கன்னு சொல்லிச்சு.”

அம்சாவின் கை நின்றது. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பார்த்திபன் வெளியே நின்ற வேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். துர்கா செருப்பு மாட்டப் போனாள். போட்டோவைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் வாசலைத் தாண்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அந்தக் கைக்கு இன்னா அளவு?”

பார்த்திபன்தான் திரும்பிப் போனான். “ரெண்டு எட்டுமா,” என்றான். “கண்ணாடி மட்டும் வேணாம்.”

சரி என்று அம்சா தலையாட்டினாள். ஆனால் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை.